எனக்கு நானே போட்டுக்கொண்ட பதினாறு

கம்ப்யூட்டரில் ஆடும் கால்பந்து மேனேஜர் விளையாட்டில் என் அணி தரையில் பந்தை உருட்டாது. கோல்கீப்பர் ஓங்கி ஒரு உதை விட்டால் அது நடுக்கோட்டைத் தாண்டி, ஒன்பதாம் நம்பரின் தலையில் போய் இறங்க வேண்டும். இடையில் இருப்பவர்கள் அண்ணாந்து பார்த்தால் போதும். இதில் எனக்குத் துளியும் கூச்சமில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த விளையாட்டில் நாம் யாரையும் உதைக்க வைக்க முடியாது. ஆட்களைத் தேர்ந்தெடுக்கலாம், எப்படி ஆட வேண்டும் என்று சொல்லலாம், அதன் பிறகு திரையில் அவர்கள் அதைச் செய்கிறார்களா என்று கையைப் பிசைந்துகொண்டு பார்க்கலாம். அவ்வளவுதான். எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் ஆபீஸில் எட்டுப் பேர் சேர்ந்து இதில் ஒரு லீக் நடத்துகிறோம். மற்ற ஏழு பேருக்கும் ஒரே வியாதி. பாஸ், பாஸ், பாஸ். பின்னாலிருந்து பதினைந்து பாஸ் போட்டு, பந்தை மாப்பிள்ளை அழைப்பு மாதிரி ஊர்வலமாகக் கூட்டி வந்தால்தான் மூளையுள்ள ஆட்டமாம். இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மல்லேஸ்வரத்துக்காரர் ஒருவர். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அவர் பேச்சில் கன்னடம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

"மேடம், இது ஃபுட்பாலா, பட்டம் விடறதா? ஸ்வல்ப தரையிலயும் ஆடுங்க" என்பார். ஸ்வல்ப என்றால் கொஞ்சம்.

"நீங்க பதினஞ்சு பாஸ் போட்டு எங்க வர்றீங்களோ அங்க நான் ஒரே அடியில போயிடறேன் சார். டிராஃபிக்ல நின்னு நின்னு உங்களுக்குப் பழகிப்போச்சு" என்பேன்.

வாய்ப் பேச்சு மட்டுமில்லை. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் அவரும் நானும் சமமான புள்ளிகளில் இருந்தோம். கோல் கணக்கில் அவர் கொஞ்சம் மேலே. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவரும் நானும்தான் மோத வேண்டும்; நான் ஜெயித்தால் கோப்பை எனக்கு.

எங்கள் லீகில் ஒரு சொந்த விதி உண்டு. ஆளுக்கு இரண்டு ஆட்டக்காரர்களை நாமே உருவாக்கி அணியில் சேர்த்துக்கொள்ளலாம். உயரம், வேகம், ஹெட்டிங், பாஸ் என்று ஒவ்வொன்றுக்கும் இருபதுக்கு இத்தனை என மார்க் போட வேண்டும். லீக் தொடங்கிய பிறகு அந்த மார்க்கைக் குறைக்கலாம், கூட்டக் கூடாது. குறைக்கிற பைத்தியம் யார்? மூன்று சீசனில் ஒருவரும் குறைத்ததில்லை.

நான் உருவாக்கிய இரண்டு பேர் ஒன்பதாம் நம்பரும் எட்டாம் நம்பரும். ஒன்பது, என் அக்கா. ஐந்தடி பத்தங்குலம், இடது கால், ஹெட்டிங் பத்தொன்பது, தைரியம் பதினெட்டு. எட்டு, நடுவில் ஆடும் நான். பாஸ் பதினேழு, கூட்டாக ஆடும் குணம் பதினாறு. அணியில் மற்றவர்கள் எல்லாரும் ஆண்கள். கம்ப்யூட்டர் ஆட்சேபிக்கவில்லை.

நிஜத்திலும் நாங்கள் ஆடியவர்கள்தான். ஆஸ்டின் டவுனில் பிறந்துவிட்டு பந்தைத் தொடாமல் வளர்வது கஷ்டம். அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். தெருவில் அவளைக் கரண்ட் கம்பம் என்பார்கள். தலைக்குப் பந்து வந்துவிட்டால் கம்பம் கோல் போட்டுவிடும். கேலி செய்தவன் வாயை மூடிக்கொள்வான். நான் குள்ளம். பந்தைக் காலுக்குள் வைத்துக்கொண்டு இரண்டு பேரை ஏமாற்றுவதில் எனக்கு அப்படி ஒரு கர்வம்.

எனக்குப் பதினேழு வயதில், மாநில ஜூனியர் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்க ஒரு ஆட்டம் வைத்தார்கள். இருவரும் ஒரே பக்கத்தில் ஆடினோம். அக்காவுக்கு அதுதான் கடைசி வயது. அடுத்த வருஷம் அந்தப் பிரிவில் அவளைச் சேர்க்க மாட்டார்கள். அன்றைக்கு நான் அவளுக்கு ஒரு பந்துகூடத் தூக்கிப் போடவில்லை. முடியாமல் இல்லை. பந்து என் காலை விட்டு மேலே போய்விட்டால் தேர்வாளர்களின் கண்ணும் அதனோடு போய்விடும் என்று கணக்குப் போட்டேன். தொண்ணூறு நிமிடமும் பக்கத்தில் இருப்பவளுக்கே தட்டி, திரும்ப வாங்கி, வித்தை காட்டினேன். என்னை எடுத்தார்கள். பந்தே வராத ஃபார்வர்டை யார் எடுப்பார்கள்? பயிற்சி முகாமில் ஒரு மாதம் இருந்துவிட்டு, இன்ஜினியரிங் சீட் கிடைத்ததும் நான் ஆட்டத்தையே விட்டுவிட்டேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை. அவளுக்குத் தெரியாது, பந்து அமையவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது. இருபது வருஷம் கழித்து ஒரு கம்ப்யூட்டர் அணியில் எல்லாப் பந்தையும் அவள் தலைக்கு அனுப்பி என் மனசை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவளிடம் மட்டும் இதைக் காட்டவில்லை.

அக்கா இப்போதும் ஆஸ்டின் டவுனில்தான். ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை. அந்த ஞாயிறு, ஹெப்பகோடியில் என் வீட்டுக்கு அவள் மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தாள். ஆனால் பத்தரைக்கே தூக்குவாளியில் மட்டன் குழம்போடு வந்து நின்றாள். லேப்டாப்பை மூடுவதற்குள் பார்த்துவிட்டாள். எழுத்துகளை வரிசையாகப் படிக்க வைப்பதே தொழிலாக உள்ளவளிடம் எதை மறைக்க முடியும்?

"இன்னாடி இது? அஞ்சடி பத்து, லெஃப்ட் ஃபுட்டு, நம்பர் ஒம்போது. நானா?"

"நீதான்."

சிரித்துவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மார்க்கை ஒவ்வொன்றாகப் படித்தாள். பத்தொன்பதுக்குத் தலையாட்டினாள். வேகம் என்ற இடத்தில் வந்து நின்றாள்.

"ஸ்பீடு ஆறா? நான் இன்னா ஆமையா? பத்தாக்கு."

"நீ எப்ப அக்கா ஓடின? நீ நிப்ப, பந்து வரும்."

"வரும், வரும்" என்றாள்.

மார்க்கைக் கூட்டக் கூடாது, குறைக்க மட்டும்தான் முடியும் என்று விதியைச் சொன்னேன். அவள் மவுஸைத் தன் பக்கம் நகர்த்தி எட்டாம் நம்பரைத் திறந்தாள். பாஸ் பதினேழைப் பார்த்து, "இது கரெக்டு" என்றாள். இன்னும் கீழே இறங்கி, கூட்டாக ஆடும் குணத்தில் நிறுத்தினாள்.

"பதினாறு. யாரு போட்டது?"

"நான்தான்."

அதை அழித்துவிட்டு நாலு என்று அடித்தாள். "கொறைக்கலாம்னுதானே சொன்ன?" என்று கேட்டு, குழம்பை அடுப்பில் வைக்க எழுந்து போய்விட்டாள்.

சமையலறையில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்தே தெரியும். நாலைத் திரும்பப் பதினாறாக்க விதியும் இடம் தராது, எனக்கும் கை வரவில்லை. பதினொரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது.

அந்த நாலு என்ன செய்யும் என்று முதல் பாதியிலேயே காட்டிவிட்டது. கோல்கீப்பர் தூக்கி அடித்தார், அக்கா தலையால் கீழே தட்டினாள், பந்து எட்டாம் நம்பரிடம் வந்தது. பெனால்டி பெட்டிக்குள் அக்கா கையை உயர்த்திக்கொண்டு தனியாக நிற்கிறாள். எட்டாம் நம்பர் முப்பது கஜத்திலிருந்து தானே அடித்தாள். பந்து ரசிகர்கள் நடுவே போய் விழுந்தது. இது ஒரு தடவை இல்லை, நாலு தடவை. மல்லேஸ்வரத்துக்காரர் தன் ஊர்வலத்தை நடத்தி ஒரு கோலும் போட்டுவிட்டார். அக்கா கை துடைத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்று பார்த்தாள். ஏதாவது திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்தது.

இடைவேளையில் எட்டாம் நம்பரை வெளியே எடுத்தேன். அந்த இடத்தில் ஒரு முரட்டு ஆளை இறக்கினேன். அவனுக்குத் தட்டத் தெரியாது, வித்தை தெரியாது. வந்த பந்தை முன்னால் அடிப்பான். உடனே மல்லேஸ்வரத்திலிருந்து மெசேஜ் வந்தது. "மேடம், உங்களையே எடுத்துட்டீங்களா? ஏனாயித்து, என்ன ஆச்சு?"

கோப்பை அவருக்குத்தான் போனது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இரண்டாம் பாதியில் அவர் ஆட்கள் தங்கள் பாதியை விட்டு வெளியே வரவில்லை. பந்து வானத்திலேயே இருந்தது. எண்பத்தாறாவது நிமிடத்தில் என் வலது பக்கத் தடுப்பாட்டக்காரன் நாற்பது கஜத்திலிருந்து ஒன்றைத் தூக்கி வைத்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் போட்டிருக்க வேண்டிய அதே பந்து. அக்கா இரண்டு பேருக்கு நடுவே எழும்பினாள். நான் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டேன்.

பந்து கோல் கம்பத்தை ஒட்டி வெளியே போனது.

பின்னால் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "அன்னிக்கும் இதான் ஆயிருக்கும் போல."

"இல்ல, நீ போட்டிருப்ப" என்று கத்தினேன். குரல் உடைந்துவிட்டது. "அன்னிக்கு நான் வேணும்னேதான் உனக்குக் குடுக்கல, அக்கா."

"தெரியும்டி. முன்னாடி நிக்கிறவளுக்கு வேற இன்னா வேல? தொண்ணூறு நிமிஷமும் உன் மூஞ்சத்தான் பாத்துட்டு இருந்தேன்."

என் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இன்னும் மூணு நிமிஷம் இருக்கு. அழுவாத. இன்னொண்ணு போடச் சொல்லு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும் முன்னால் ஏற்றினேன். யார் காலில் பந்து பட்டாலும் அவளுக்கே தூக்கி அடிக்கச் சொன்னேன்.