நிச்சயதார்த்தத்துக்குக் கறுப்பு நூல்: கடக்வாஸ்லா போய் வந்தேன்

போன ஞாயிற்றுக்கிழமை பூனாவின் நிக்டியிலிருந்து கடக்வாஸ்லா போனேன். அங்குள்ள அணையைப் பார்க்க அல்ல, தோழி செல்வி அக்கா கூப்பிட்டதால். அவர் மகன் கார்த்திக்குக்கும், உக்ரைனில் மருத்துவம் படித்தபோது அவன் பழகிய ஒக்சானாவுக்கும் அன்று மாலை நிச்சயதார்த்தம். போரினால் பெண்ணின் அம்மாவால் வர முடியவில்லை. தன் கல்யாணத்துக்குத் தானே தைத்த பூத்தையல் சட்டையை அனுப்பியிருந்தார். அதில் கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பு நூல். "நீதான் எம்பிராய்டரி பைத்தியமாச்சே, வேற போட்டுக்கச் சொல்லி அவளுக்குப் புரிய வை" என்று அக்கா பொறுப்பை என் தலையில் கட்டினார்.

பிம்ப்ரி வரை ஷேர் ரிக்‌ஷா. அங்கிருந்து ஸ்வார்கேட்டுக்கு மெட்ரோ, பதினேழு கிலோமீட்டர். பிறகு பஸ். ஞாயிறு என்றால் பத்து மணிக்குள் போய்ச் சேருங்கள். அதற்குப் பிறகு பாதி பூனா அணைக்கரையில் வெங்காய பஜ்ஜி தின்ன வந்துவிடும்.

ஒக்சானா கட்டிலில் மூன்று சட்டைகளை விரித்திருந்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வந்த காரியமே எனக்கு மறந்துபோனது. உக்ரைனின் பொல்தாவா பக்கத்துச் சட்டையில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். கிட்டே போனால்தான் பூ தெரியும். வடக்கே பொலீசியா பகுதியுடையது சிவப்பில் கட்டம் கட்டமாக. மூன்றாவது அம்மாவுடையது, போர்ஷிவ் ஊர்ப் பாணி. கை முழுக்க அடர்ந்த கறுப்புக் கம்பளி நூல், நடுநடுவே சிவப்பும் மஞ்சளும். புள்ளி வைத்த சாய்சதுரம் விதைத்த வயலைக் குறிக்குமாம். என்ன கை அந்த அம்மாவுக்கு!

சிவப்பைப் போட்டுக்கொள்ளட்டுமே என்பது அக்காவின் கட்சி. அந்த நேரம் பார்த்துக் கார்த்திக், போரில் கணவனை இழந்த பெண்கள் துக்கத்தில் கறுப்பால் தைத்ததாக அந்த ஊரில் ஒரு கதை உண்டு என்று வாயை விட்டான். அக்கா முகம் இறுகியது. ஒக்சானா பதறிப்போய் கழுத்தையும் மணிக்கட்டையும் கீழ் விளிம்பையும் தொட்டுக் காட்டினாள். கெட்டது நுழையக்கூடிய இடங்களில் தையல்தான் காவல் என்று அவள் சொன்னதைக் கார்த்திக் தமிழில் சொன்னான். அக்கா மசியவில்லை.

கடைசியில் அவள் அக்காவின் கழுத்தைக் காட்டி, அது எதற்கு என்று தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டாள். பூனாவுக்கு வந்த புதிதில் மராத்திக்காரப் பக்கத்து வீட்டாரைப் பார்த்து, தாலியோடு கறுப்பு மணிச்சரமும் சேர்த்துப் போட்டுக்கொண்டவர் அக்கா.

"இது நஜர், கண்ணு படக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் சட்டையின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, நிச்சயத்துக்கு எடுத்த சிவப்புப் பட்டுப் புடவைக்கு இது எடுப்பாகத்தான் இருக்கும் என்றார். தூது போன எனக்கு வேலையே இருக்கவில்லை.

இப்படிப்பட்ட சட்டையைப் பார்க்கக் கிடைத்தால் முதலில் எந்த ஊர்த் தையல் என்று கேளுங்கள். நிறத்தை வைத்து நாமாக முடிவுகட்டினால் தப்பாகிவிடும். மஞ்சள் பட்ட கையோடு தொடாதீர்கள். இருட்டும் முன் பஸ் பிடிப்பது நல்லது. நான் பிடிக்கவில்லை, விழா முடியும்வரை இருந்துவிட்டேன்.

பட்டுப் புடவைக்கு ரவிக்கையாகத் தன் சட்டையைப் போட்டு நின்ற மகளைப் போன் திரையில் பார்த்ததும் அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அக்கா கார்த்திக் கையிலிருந்து போனை வாங்கி, தமிழிலேயே பேசினார்.

"அழாதீங்க சம்பந்தியம்மா. நீங்க தெச்சது இவ மேல இருக்குது இல்ல, ஒரு கண்ணும் படாது."