வயலில் நின்ற என் வீடு

இங்கே பல் தேய்க்கக்கூட ஃபேன் வேண்டியிருக்கிறது. குழாயைத் திறந்தால் அடுப்பே இல்லாமல் வெந்நீர் வருகிறது. சித்திரபுரத்திலிருந்து கஞ்சிக்கோட்டு ஃபாக்டரிக்கு வேலைக்கு வந்த நான் கடலைத் தாண்டவில்லை, பாஸ்போர்ட் எடுக்கவில்லை. இடுக்கி மலையிலிருந்து சமவெளிக்கு பஸ்ஸில் இறங்கினேன், அவ்வளவுதான், மாநிலம்கூட மாறவில்லை. ஆனாலும் இடுக்கி என்று சொன்னால் மலையாளி என்கிறார்கள், வாயைத் திறந்தால் தமிழன் என்கிறார்கள். இந்தப் பக்கத்துத் தமிழர்களோ, "நீங்க பேசறது என்ன பாசைங்க?" என்று கேட்கிறார்கள். மலைமேலே இருக்கும் சொந்தங்களே, இதைப் புலம்பெயர்வு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

எங்கள் வம்சத்தில் சொந்த வீடு வாங்கத் துணிந்த முதல் ஆள் நான். அப்பா பிறந்தது, கல்யாணம் செய்தது, என்னைப் பெற்றது எல்லாம் தேயிலை எஸ்டேட் லயத்தில். லயம் என்கிற அந்த வரிசை வீடுகள் கம்பெனிக்குச் சொந்தம். சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அப்பா சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அடிப்பார். ரிட்டயர் ஆனால் வீட்டையும் கொடுத்துவிட வேண்டும். ரிட்டயர் ஆகிவிட்ட அப்பாவுக்கு மழைக்காலம் முடியும்வரை தவணை கொடுத்திருந்தார்கள். அதற்குள் நான் ஒரு கூரையைக் காட்டியாக வேண்டும்.

கிணறும் மாமரமுமாக ஒரு பழைய வீடு அமைந்தது. விற்கிற பழனிச்சாமி அண்ணன் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு சாவியையும் கொடுத்து, "பேப்பரு வர்றப்ப வரட்டுங்க தம்பி, நீங்க ஊட்டுல இருங்க" என்றார். நல்ல மனிதர். ஆனால் பேங்க்காரர்கள் கடன் தர மறுத்தார்கள். அரசுப் பதிவில் அந்த இடம் இன்னும் வயல். அண்ணனின் அப்பா காலத்திலேயே அங்கே வீடு எழும்பிவிட்டது, பதிவேட்டுக்கு மட்டும் அந்தச் சேதி போகவில்லை. "மாமரம் காய்க்கிற வயல எங்கீங்க பாத்திருக்கீங்க?" என்று வில்லேஜ் ஆபீஸில் அண்ணன் கேட்டார். மாமரத்தைப் பற்றி ஃபைலில் ஒன்றும் இல்லை என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரிக்கு இங்கே மூன்று ஆபீஸ்கள். நான் லீவு போட்டு லீவு போட்டு, ஃபாக்டரியில் என் முகமே மறந்துபோனது.

கடைசியில் ஒரு வழியாக, விவசாய இலாகாவின் கிருஷி ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார், இது வயல் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் முடிந்தது என்றார்கள். அந்தச் சமயம் பார்த்து அப்பா மலையிலிருந்து வந்திருந்தார். ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் நான் டபுள் ஷிஃப்டுக்குப் போய்விட்டேன். எஸ்டேட்டில் பெரிய ஆபீசர் வருகிறார் என்றால் முதல் நாளே லயத்து முற்றத்தைக் கூட்டி, தண்ணீர் ஓடும் காண் வெட்டி, கீரைப்பாத்திக்குத் தண்ணீர் விட்டுப் பச்சைப்பசேல் என்று வைக்க வேண்டும். அப்பாவின் ரத்தத்தில் ஊறிய சட்டம் அது. நான் வாடிக் கிடக்க விட்டிருந்த கீரையை அவர் கொத்திவிட்டார், புதிதாக நாலு பாத்தி கட்டினார், கிணற்றிலிருந்து இறைத்து வாய்க்கால் நிறைய விட்டார். மறுநாள் ஆபீசர் வண்டியை விட்டு இறங்கியபோது முற்றம் முழுக்கத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"இது கிருஷி ஆணல்லோ. வெள்ளமும் உண்டு," என்றார் ஆபீசர், தேங்கிய தண்ணீரைக் காட்டி.

"சார், இது சீரயாணு. நெல்லு அல்ல," என்று கீரையைக் காட்டிக் கெஞ்சினேன்.

"சீரயும் கிருஷி தன்னெ," என்று எழுதிக்கொண்டார். கீரையும் விவசாயம்தானாம்.

அப்பா பக்கத்தில் கை கட்டி நின்று பெருமையாகச் சிரித்தார். ஆபீசர் போனதும், "பாத்தியாடா, ஒரு குறை சொல்லலயே" என்றார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் செத்துப்போனது. ஃபைல் பழையபடி முதல் மேஜைக்குப் போனது.

மழை முடிந்தது, பேப்பர் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் லயத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு மூட்டைகளோடு வந்து சேர்ந்தார்கள். மூட்டைகளைப் பிரிக்க அப்பா விடவில்லை. "நம்மது இல்லாத வீட்டுல என்னத்தப் பிரிக்க?" என்பார். முற்றத்தின் பக்கமே போகமாட்டார். கீரை காய்ந்தது, பாத்தி வெடித்தது. அம்மா மட்டும், "பேப்பரு வாரதுக்குள்ள மூட்டையில எலி குட்டி போட்டிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மறுபடி ஆபீசர் வரும் நாளன்று அப்பாவை முதல் பஸ்ஸிலேயே கோயிலுக்கு அனுப்பிவிட்டோம். கட்டாந்தரையைப் பார்த்து ஆபீசர் திருப்தியாகத் தலையாட்டினார். உத்தரவு வந்தது, கடன் வந்தது, வீடு என் பேருக்குப் பதிவானது.

அன்று சாயங்காலம் அப்பா முதல் மூட்டையைப் பிரித்தார். ஓர் ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு சுவருக்கு முன்னால் போய் நின்றார். நின்றவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஒரு ஆணி அடிச்சுக்கிடட்டுமாப்பா?"

இத்தனை அலைச்சலும் பட்டு அப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது புதிதாக ஒரு சூப்பர்வைசரைத்தானா என்று வெட்கமாக இருந்தது. "உங்க வீடுப்பா" என்று சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் ஆணியை நாலே அடியில் இறக்கி, மூட்டையிலிருந்து எடுத்த தன் எஸ்டேட் ஸ்வெட்டரை அதில் மாட்டினார். இந்த ஊர் வெயிலில் அதை யாரும் போடப்போவதில்லை. ஆனால் ஃபேன் ஓடும்போதெல்லாம், குளிர் தேடுவதுபோல் அதன் இரண்டு கைகளும் ஆடிக்கொண்டே இருக்கின்றன.