லாக் ஷீட்டில் பத்து ஆம்பியர், லைனில் ஐந்து

திருபுவனை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மசாலா பாக்கெட் போடும் கம்பெனி ஒன்றில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். புதிதாக வயர்மேன் வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் ஃபார்முலா கேட்கிறார்கள். ஃபார்முலா சுலபம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், ஓம் கணக்கில். இரண்டையும் பெருக்கினால் பவர், வாட் கணக்கில். ஹீட்டருக்கு இது போதும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டே ஒருவர் பிழைப்புக்கு நான் உலை வைக்கப் பார்த்த கதையைச் சொல்கிறேன்.

பாக்கெட் வாயைச் சூட்டால் ஒட்டும் எங்கள் சீலிங் மெஷினில் ஒரே அளவில் இரண்டு ஹீட்டர், பேரலல் கனெக்‌ஷன். ஒன்று செத்தாலும் மற்றது ஓடும். 230 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். மணிக்கு ஒரு தடவை பேனல் மீட்டரைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும் என்பது விதி. நான் அவ்வளவு சோம்பேறி இல்லை. காலை டீ வருவதற்குள் சாயங்காலம் வரைக்குமான கட்டங்களை எல்லாம் 230, 10 என்று நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிடுவேன். நாலு மணிக்கு ஓடப்போகும் கரன்ட் ஒன்பது மணிக்கே எனக்குத் தெரியும். ஆடிட்டுக்கு வந்தவர்கள், "எவ்ளோ நீட்டா இருக்கு" என்று பாராட்டிவிட்டு வேறு போனார்கள்.

மெஷின் ஆபரேட்டர் ஸ்டெல்லா, மடுகரையிலிருந்து பஸ்ஸில் வருபவர், கான்ட்ராக்ட் ஆள். ஒரு திங்கட்கிழமை என்னிடம் வந்தார்.

"அண்ணே, சூடே பத்தல. பாக்கெட்டு வாயப் பொளந்துக்குது. இன்னான்னு வந்து பாருண்ணே."

நான் எழுந்திருக்கவே இல்லை. லாக் ஷீட்டைத் திருப்பிக் காட்டினேன். "பத்து ஆம்பியர் போவுதும்மா. நீ ஒழுங்கா வச்சி அழுத்து." நான் எழுதியதை நானே ஆதாரமாக நம்பினேன், பாருங்கள்.

வியாழக்கிழமை ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்தது. மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேஜைமேல் முந்தின நாள் வரைக்குமான என் லாக் ஷீட்கள் இருந்தன.

"மெஷின் பக்கா. எலக்ட்ரீஷியனே சைன் பண்ணியிருக்காரு. அப்போ ஆளுதான் ஃபால்ட்டு. நாளையிலேர்ந்து வராதம்மா."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். "ஒரு நிமிஷம் சார்" என்று போய், கரன்ட் அளக்கும் டாங் டெஸ்டரை ஹீட்டர் ஒயரில் மாட்டினேன். ஐந்து ஆம்பியர். வோல்ட் அதே 230. பேனல் மீட்டரும் ஐந்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது, பாவம், யாராவது பார்ப்பார்கள் என்று.

230-ஐப் பத்தால் வகுத்தால் 23 ஓம். ஐந்தால் வகுத்தால் 46. பேரலலில் ரெசிஸ்டன்ஸ் இரண்டு மடங்கானால் ஒரு ஹீட்டர் செத்துவிட்டது என்று அர்த்தம். பவர் 2300 வாட்டிலிருந்து 1150-க்கு இறங்கிவிட்டது. பாதிச் சூட்டில் பாக்கெட் எப்படி ஒட்டும்?

மேனேஜரிடம் கணக்கைச் சொன்னேன். அவர் அசரவில்லை. "இன்னிக்குத்தான் போயிருக்கும். நேத்து வரைக்கும் பத்துன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே?"

எனக்குத் தப்பிக்க வழியை அவரே திறந்து வைத்தார். தலையாட்டினால் என் பெயர் பத்திரம், ஸ்டெல்லாவுக்கு வேலை இல்லை.

"பாக்காம எழுதினது சார். நேத்து மட்டும் இல்ல, எப்பவுமே" என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

எனக்கு மெமோ வந்தது. ஸ்டெல்லா மெஷினுக்குத் திரும்பினார். ஹீட்டரை மாற்ற இருபது நிமிடம் ஆனது. நன்றி சொல்வார் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் நிமிராமலே சொன்னார்: "திங்கக்கெழமையே வந்திருந்தாலும் இருவது நிமிசம்தானேண்ணே ஆயிருக்கும்?"

வகுக்கத் தெரியும், பெருக்கத் தெரியும் என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள், பிள்ளைகளே. முதலில் எழுந்து போய் மீட்டரைப் பாருங்கள்.