ஜெர்வேஸ் விண்டர்லியைத் தேடி பாறசாலைக்கு

இந்த வலைப்பூவைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். நான் மலையேறினால் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கியபடி பின்னால் வருபவர். நாலு மாதத்துக்கு முன் இறந்துபோனார். அதற்குப் பிறகு நான் தனியாகப் போன முதல் பயணம் இது. மலை, அருவி எதுவும் இதில் கிடையாது. போக்குவரத்து விவரம் மட்டும் போதும் என்பவர்கள் கடைசிப் பத்திக்கு முந்தைய பத்திக்குப் போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அவர் பேர் ஜெர்வேஸ் விண்டர்லி. மதுரையில் வங்கி வேலை பார்த்த, கறுத்த, கட்டையான மனுஷனுக்கு இப்படி ஒரு பேர். அவருடைய தாத்தாவுக்கும் இதே பேர்; அந்தத் தாத்தாவின் தாத்தாவுக்கும் இதே பேர். பேரனுக்குத் தாத்தா பேரை வைக்கும் நம் வழக்கப்படி, ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறையாக இறங்கி வந்திருக்கிறது. ஓய்வு பெற்றபின் கணினி முன்னால் உட்கார்ந்தவர், நானூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் இதே பேரில் ஒரு ‘சர்’ இருந்ததைக் கண்டுபிடித்தார். ராஜா கையால் பட்டம் வாங்கியவர். மான் மேயும் பெரிய பண்ணை வீடு. தேவாலயத்துக்குள்ளேயே கல்லறை, அதன்மேல் கவசம் போட்டுப் படுத்திருக்கும் கற்சிலை. அந்த வம்சத்தில் ஒருவன் இந்தியாவுக்குக் கப்பலேறினான் என்று எங்கோ ஒரு வரி கிடைத்தது. அவருக்கு அது போதாதா? “இடையில ஒரே ஒரு கண்ணிதான் விட்டுப்போச்சு” என்பார். முகம் மழிக்கும்போது கண்ணாடியில் மூக்கைப் பக்கவாட்டில் பார்த்துக்கொள்வார். இங்கிலாந்து மூக்கு என்றால் உள்ளூர் சளி பிடிக்காதே என்று நான் கேலி செய்வேன்.

மருத்துவமனையில் இருந்தபோது, பேரன் பிறந்தால் இந்தப் பேரைத்தான் வைக்க வேண்டும் என்று எங்கள் மகன் ஜோயலிடம் சொன்னார். பேரன் பிறந்தான், பார்க்க அவர் இல்லை. கோயம்புத்தூரில் இருக்கும் ஜோயலுக்கு மனமில்லை. “ஸ்கூல்ல பிள்ளையக் கேலி பண்ணியே கொன்னுடுவாங்கம்மா. அப்பா சொன்ன கதை நிஜம்னா வைக்கிறேன். இல்லேன்னா நாங்க யோசிச்ச பேரு” என்றான். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அந்த விட்டுப்போன கண்ணியை எடுத்துவந்து மகன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று வியாழக்கிழமை அவருடைய பூர்வீக ஊருக்குக் கிளம்பினேன். அவருடைய ஆசைகளில் என்னால் நிறைவேற்ற முடிந்தது இது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

நாகர்கோவில் வரை ரயில். அங்கிருந்து களியக்காவிளைக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர். ஜூலை மழையில் பேருந்து ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. எல்லையைத் தாண்டியதும் கடைப் பலகைகள் மலையாளத்துக்கு மாறின, பேச்சு பெரிதாக மாறவில்லை. பாறசாலையில் இறங்கி ஓர் ஆட்டோவைக் கேட்டேன். ஓட்டுநர் மலையாளத்தில் ஆரம்பித்து, என் முழியைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார்.

“தமிழா? நம்ம வீட்டுலயும் தமிழாக்கும். ஏறுங்க. அங்க ஆரக் காணணும்?”

விண்டர்லி குடும்பம் என்றேன். அவர் அசரவே இல்லை. “அந்தப் பக்கம் சாயிப்பு பேரு நெறைய உண்டு. எனக்க அப்பூப்பனுக்கும் ஒரு சாயிப்பு பேராக்கும். நூத்தம்பது ரூவா தாங்க.” சாயிப்பு என்றால் வெள்ளைக்காரன், அப்பூப்பன் என்றால் தாத்தா.

நெய்யாற்றின்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போய் உள்ளே திரும்பினோம். ஐந்து கிலோமீட்டர் இருக்கும். ரப்பர், மரச்சீனி என்கிற மரவள்ளி, வாழை, நடுநடுவே புது மாடி வீடுகள். என் வீட்டுக்காரருக்கு மூன்று வயதாக இருக்கும்போதே மாமனார் மதுரைக்கு வந்துவிட்டார். இங்கிலாந்தில் அந்த சர் வீட்டுக்கு எத்தனை வாசல் என்பது வரை தெரிந்தவர், இந்த ரோட்டில் வந்ததே இல்லை. நன்றாக இருந்தபோது போகலாம் போகலாம் என்றார், அப்புறம் உடம்பு விடவில்லை. பக்கத்து இருக்கையில் பையை வைத்திருந்தேன். பார்க்கப் பார்க்கத் துக்கமாக வந்ததால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவருடைய சித்தப்பா மகள் கிரேஸ் வாசலில் குடையோடு நின்றாள். பால் சொசைட்டியில் வேலை. எனக்காக அரைநாள் விடுப்பு. “வாங்க மைனி” என்று அண்ணி முறை சொல்லிக் கையைப் பிடித்தவள் கொஞ்ச நேரம் விடவில்லை. கிழங்கும் மீன்கறியும் வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே வந்த காரியத்தைச் சொன்னேன். சர், மான் பண்ணை, கப்பல், விட்டுப்போன கண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கை கழுவி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மைனி, அண்ணனுக்கு இது தெரியாதா?”

“எது?”

“வாங்க, காட்டித்தாறேன்.”

கல்லறைத் தோட்டம் ஆலயத்துக்குப் பின்னால், சரிவில். மழை விட்டிருந்தது. மதில் ஓரம் பழைய வரிசையில் இரண்டு சின்னக் கற்கள், என் முழங்கால் உயரம்கூட இல்லை. கிரேஸ் ஒரு கைப்பிடி தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினாள். முதல் கல்லில் ஜெர்வேஸ் விண்டர்லி. இரண்டாவது கல்லிலும் ஜெர்வேஸ் விண்டர்லி. வருஷம் அழிந்துபோயிருந்தது. நாலடி தள்ளி, பெரிய ஆளுக்கான கல்லறை ஒன்று. அதிலும் அதே பேர்.

“இந்தப் பெரியதுதான் நம்ம ஆளு. அண்ணனுக்கத் தாத்தாவுக்கத் தாத்தா” என்றாள் கிரேஸ். “அன்னைக்கு இங்க மிஷன் போர்டிங் உண்டு. சீமையில உள்ள ஒரு குடும்பம் ஒரு பிள்ளைக்குச் செலவு குடுக்கும். அவங்க சொல்லுத பேரத்தான் பிள்ளைக்கு இடணும். செலவு குடுத்த விண்டர்லி குடும்பம், அவங்க வம்சத்துல உள்ள பெரிய ஆளுக்கப் பேரச் சொல்லியிருக்காங்க. முதல் பிள்ளை காய்ச்சல்ல செத்துப்போச்சு. அதே பேர அடுத்த பிள்ளைக்கு இட்டாங்க. அதுவும் செத்துப்போச்சு. மூணாவதுதான் நம்ம ஆளு. ஒருத்தருக்கொருத்தர் சொந்தம் ஒண்ணும் கெடையாது. சீமைக்காரங்களுக்குப் பேரு மாறப்பிடாது, அவ்வளவுதான்.”

“போர்டிங்குக்கு வர்றதுக்கு முந்தி அவனுக்கு என்ன பேரு?” என்றேன்.

“அது ஆருக்கும் தெரியாது மைனி. எங்க அப்பாவும் தேடிப் பாத்தாவ.”

“இதை அவர்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாமே கிரேஸ்.”

“அண்ணனுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். போன்ல கோட்டை, குதிரைன்னு சொல்லும்பம், வெளையாட்டுக்குச் சொல்லுதாவன்னு நானும் சிரிப்பேன்.”

ஈர மதிலில் உட்கார்ந்து அழுதேன். அவருக்காகத்தான் அழுகிறேன் என்று முதலில் நினைத்தேன். ஆனால் என் கண் அந்தச் சின்னக் கற்களை விட்டு நகரவில்லை. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவள் ஒவ்வொருத்தியும் ஏதோ ஒரு பேர் சொல்லித்தானே சோறூட்டியிருப்பாள்? அவர்களில் ஒருத்தி இங்கே வந்து நின்றாலும் எது தன் பிள்ளை என்று கல்லைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அப்போது ஜோயல் கூப்பிட்டான். நான் வாயைத் திறப்பதற்குள், “அம்மா, நானும் யோசிச்சேன். நிஜமோ கதையோ, அப்பா ஆசைப்பட்டார். ஜெர்வேஸ்னே வச்சிடலாம். நீ அலையாம கிளம்பி வா” என்றான்.

நான் எதற்காக வந்தேனோ அது கிடைத்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் இருந்திருந்தால் முகமெல்லாம் சிரித்திருப்பார்.

“வேண்டாம்யா” என்றேன். “நீங்க யோசிச்ச பேரையே வைங்க.”

“ஏம்மா? பொய்யா?”

“பேரு பொய் இல்ல, ரத்த சொந்தம்தான் இல்ல. ஒரு பிள்ளை செத்தா அடுத்த பிள்ளைக்குன்னு கைமாத்தின பேருடா இது. இப்ப அப்பா போய்ட்டாரு, நம்ம பிள்ளைக்குக் குடுக்கிறோம். என்னால முடியல. அப்பாவோட நிக்கட்டும்.”

“அப்பா வருத்தப்படுவாரேம்மா” என்றான்.

“படுவார்” என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: களியக்காவிளையிலிருந்து பாறசாலை மூன்று நான்கு கிலோமீட்டர், அங்கிருந்து நெய்யாற்றின்கரை சுமார் பத்து கிலோமீட்டர், பேருந்து அடிக்கடி உண்டு. பாறசாலையில் சில ரயில்களே நிற்கும், பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கல்லறைத் தோட்டத்துச் சரிவு வழுக்கும். பழைய கல்லில் எழுத்து தெரியாவிட்டால் தண்ணீர் ஊற்றிச் சாய்வாகப் பாருங்கள், ஆணியால் சுரண்டாதீர்கள். ஆலயத்தில் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். முன்னோரைத் தேடுவதாக இருந்தால் கணினியைத் திறக்குமுன் சொந்த ஊரில் இருக்கும் தங்கச்சிக்கு ஒரு போன் போடுங்கள். அவளிடம் கதை சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பேரனுக்கு ஆதன் என்று பேர் வைத்தார்கள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் இதற்கு முன் யாருக்கும் இல்லாத பேர். கூப்பிட்டால் இப்போதே தலையைத் திருப்புகிறான். ஜெர்வேஸ் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க இனி இந்த வீட்டில் யாரும் இல்லை. அந்தப் பேரை நான்தான் முடித்துவைத்தேன்.