பின் அடித்த கடைசி அத்தியாயம்

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் பல்லடம் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் எங்கள் டுடோரியலில் படித்தவர். டிக்கெட் கிழிக்காமல் என் பக்கம் குனிந்து, "நம்ம சென்னியப்பன் சார் காலைல தவறிப்போயிட்டாருங்க" என்றார். வண்டி கிளம்புவதற்குள் இறங்கிவிட்டேன். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை; இனி அது யாருக்கும் தெரியாது என்ற நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து எனக்கே உடம்பு கூசியது. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

அவரும் நானும் பதினோரு வருஷம் அந்த டுடோரியலில் ஒன்றாகத் தமிழ் நடத்தினோம். மில்லில் ஷிப்டு முடித்து வருகிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடி வருகிற பெண்கள் என்று தபால் வழியில் பி.ஏ. எழுதுகிறவர்களுக்கான மாலை வகுப்பு அது. இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்தவர்கள். அவர் உடலை எடுத்த அன்று, ஆர்.எஸ்.புரம் சந்தில் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: சார் ஏன் வகுப்பில் சீட்டு எழுதச் சொல்லும் பழக்கத்தை நிறுத்தினார்? வயதாகிச் சலித்திருப்பார் என்று யாரோ சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

பின்னால் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பாடத்தில் ஒரு காட்டுப் பயண நாவல் இருந்தது. ஆறு பேர் ஓர் ஆற்றின் பிறப்பிடத்தைத் தேடிப் போகிறார்கள். ஒன்பதாம் நாள் ஒருவனுக்குக் கால் ஒடிகிறது. அரிசி தீர்ந்துகொண்டிருக்கிறது, மழை வரப்போகிறது. அவனை விட்டுவிட்டுப் போவதா, கூட இருப்பதா என்பது கடைசி அத்தியாயம். வகுப்பில் எல்லாருடைய புத்தகத்தையும் வாங்கி, அந்த அத்தியாயத்தைத் திறக்க முடியாதபடி சென்னியப்பன் ஸ்டேப்ளர் பின் அடித்துவிடுவார். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆளுக்கொரு சீட்டில் பெயரோடு எழுதிக் கொடுத்த பிறகுதான் பின்னைப் பிடுங்கலாம். சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். "ஊட்டுல உக்காந்துட்டு நல்லவனா இருக்கறது சுலுவுங்க" என்பார். அந்த வகுப்பு முடிந்து யாரும் சிரித்துக்கொண்டே படியிறங்கி நான் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் என்னையும் எழுதச் சொன்னார். யோசிக்கவே இல்லை, 'நான் அவனோடு இருப்பேன்' என்று எழுதிக் கொடுத்தேன். எல்லாச் சீட்டையும் பார்த்துவிட்டு, "மாணிக்கம் சார் சீட்டுல மட்டும் ஒரு அடித்தல் திருத்தல் இல்லீங்க" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அடுத்த மாதமே மாணவர்களோடு ஆனைகட்டிக் காட்டுப் பக்கம் ஒரு நாள் உலா போனோம். சாயங்காலம் திரும்பும்போது, செருப்பு வார் அறுந்து அவர் பின்தங்கினார். துணைக்கு நான் நின்றேன். மற்றவர்கள் ஓடையைத் தாண்டி வளைவில் மறைந்துவிட்டார்கள். வறண்ட ஓடை. ஒடிந்த மூங்கில்கள் இன்னும் பச்சையாகக் கிடந்தன. சாணி வாடையும் ஈர மண் வாடையும் கலந்து வந்தது. அதுவரை கத்திக்கொண்டிருந்த குருவிகள் அடங்கிவிட்டன. பக்கத்தில் யானை நிற்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்தது, ஆனால் வாயைத் திறந்து சொல்லப் பயமாக இருந்தது. அவர் கால் இரண்டு பாறைகளுக்கு நடுவில் இறங்கிற்று. எலும்பு ஒடியும் சத்தம் கேட்டது. அதை அடுத்து, மேட்டின் மேலிருந்து மூங்கில் முறியும் சத்தம். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். போங்கள் என்று சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை.

நான் ஓடினேன்.

வனக் காவலர்கள் இருவரோடு நான் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வழியெல்லாம் என்ன பார்க்கப் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதே பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பத்தடி தள்ளிப் புதிய யானைத் தடம் பதிந்திருந்தது. நான் வாய் திறப்பதற்குள் காவலர்களிடம், "நாந்தானுங்க போயி ஆளக் கூட்டிட்டு வரச் சொன்னேன். மாட்டேன்னுதான் நின்னாரு" என்றார். ஊரே அதை நம்பியது. என்னைச் சாமர்த்தியசாலி என்று பாராட்டியவர்கள் உண்டு. அவர் அதன்பின் கடைசிவரை கொஞ்சம் சாய்ந்துதான் நடந்தார்.

அடுத்த ஆண்டு அதே நாவலுக்கு அவர் ஸ்டேப்ளரை எடுக்கவில்லை. கடைசி அத்தியாயத்தை மற்ற அத்தியாயங்களைப் போலவே வாசித்து முடித்தார். நான் பின் பெஞ்சில் இருந்தேன். தன்னிடம் இருந்ததிலேயே நல்ல பாடத்தை எனக்காக விட்டுக்கொடுக்கிறார் என்று புரிந்தது. ஒரு முறை டீக்கடையில் அதைப் பற்றிப் பேச்செடுத்தேன். "உடுங்க சார், நாங் கேட்ட கேள்விதான் தப்பு" என்றார். "உட்டுப்போட்டு ஓடுனவன் திரும்பி வந்து நின்னா அவன என்ன பண்ணுவீங்கன்னு கேட்டிருக்கோணும்." டீயைக் குடித்துவிட்டு இருவரும் வகுப்புக்குப் போனோம்.

காரியம் முடிந்து அவர் வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவி சரஸ்வதி அக்கா பிஸ்கட் டப்பாவை என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து எல்லாச் சீட்டையும் தரையில் பரப்பித் தேடினேன். உங்கள் எல்லாருடைய சீட்டும் இருந்தது, என்னுடையது இல்லை. மறுநாள் போய், அதிலிருந்து சார் ஏதாவது சீட்டை எடுத்து வைத்திருந்தாரா என்று அக்காவிடம் கேட்டேன். "காலு கட்டோட ஊட்டுக்கு வந்த அன்னைக்கு ஒரு சீட்ட மட்டும் எடுத்து வெந்நீர் அடுப்புல போட்டாருங்க" என்றார். "யாரோடதுன்னு கேட்டதுக்குச் சொல்லவே இல்லீங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்போதும் நான் சொல்லவில்லை. அக்காவும் உங்களோடு சேர்ந்து இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

டப்பா இப்போது என் மேசைமேல் இருக்கிறது. சென்னியப்பனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுதான். நேற்று ஒரு சீட்டு எழுதி, பெயர் போட்டு அதில் வைத்தேன். 'அவர் போகச் சொல்லவில்லை, நானாகத்தான் ஓடினேன்' என்ற ஒரே வரிதான் அதில் இருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் ஏகப்பட்ட அடித்தல் திருத்தல்.