பினாங்கு பாட்டிலில் போட்ட மொச்சை

என் அடுப்படி அலமாரியின் மேல்தட்டில் இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் எலுமிச்சை ஊறுகாய் இருந்தவை. ஒன்றின் மேல் ‘ரங்கூன்’ என்றும் இன்னொன்றின் மேல் ‘பினாங்கு’ என்றும் சீட்டு ஒட்டியிருக்கிறது. என் அண்ணியின் கையெழுத்து அது. மிஷன் பள்ளியில் படித்தவர். வெறும் தாளில் எழுதினாலும் வரி கோணாது. போன ஞாயிற்றுக்கிழமை வரை பாட்டிலுக்கு ஒரு மொச்சைக்கொட்டை கிடந்தது. வீட்டுக்கு வருகிற ஒன்றிரண்டு பேரும் நான் அவற்றை விதைக்கு வைத்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். மூன்றாம் மாடியில் எங்கே விதைக்கப் போகிறாய் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவன். நாங்கள் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர்களின் வழி. அண்ணியின் குடும்பம் தலைமுறையாகக் குமாஸ்தா உத்தியோகம், வேதக்காரர்கள். கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் முகம் கொடுக்கவில்லை. நாலு வருஷம்கூட ஆகாமல் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டான். அண்ணியின் அம்மா வீட்டில் வந்துவிடு என்று கூப்பிட்டார்கள். அண்ணி போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை என் துணிகளோடு தன் துணிகளையும் துவைத்து எங்கள் மாடிக் கொடியில் காயப்போட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதன்பிறகு பதினோரு வருஷம், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் போனால் பாத்திரம் அதிரும் இந்த வீட்டில், நாங்கள் இரண்டு பெண்களும் இருந்தோம். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, அண்ணி இருந்ததால் எனக்கு அது குறையாகவும் தெரியவில்லை.

நான் லான்மடா பேட்டையில் ஓர் அச்சகத்தில் கணினியில் பக்கம் கட்டுகிறேன், இன்றும் அதே வேலைதான். அண்ணி ஒரு சின்ன அறக்கட்டளையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். வாயைத் திறந்து பேசலாம் என்று ஊரே நம்பிய வருஷங்கள் அவை. குடிமக்கள் ஆட்சியில் எப்படிப் பங்கெடுப்பது என்று சொல்லிக்கொடுக்கச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டார்கள். அதில் ஒன்று அமெரிக்கக் கண்டங்களைப் பற்றியது. அதை மொழிபெயர்த்த மாதங்களில் எங்கள் வீட்டில் சாப்பாட்டோடு சேர்த்து அதைத்தான் தின்றோம். பிரேசிலில் ஒரு நகரத்தில் நகராட்சிப் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவழிப்பது என்று தெருக்காரர்களே கூடி முடிவு செய்கிறார்களாம். அமெரிக்காவின் வடக்கே சில சிற்றூர்களில் வருஷத்துக்கு ஒரு நாள் ஊரே ஒரு கூடத்தில் உட்கார்ந்து, பாலம் கட்டுவதா பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றுவதா என்று கை தூக்குகிறதாம். கனடாவில் சீட்டுக் குலுக்கிச் சாதாரண ஆட்களைப் பொறுக்கி எடுத்து, தேர்தல் முறையை மாற்றலாமா என்று யோசிக்கச் சொன்னார்களாம். தென்னமெரிக்க மலைநாட்டுக் கிராமங்களில் எல்லோரும் ஒத்துக்கொள்கிற வரை யாரும் எழுந்து போவதில்லையாம். அண்ணி சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். பிசைவது நின்றுவிடும், பேச்சு நிற்காது.

“நாலு பேரு கூடி, எனக்கு இது வேணும்னு வாய்விட்டுச் சொல்றதுதான் பாப்பா ஆட்சி. மத்ததெல்லாம் கட்டடம்” என்பார். என்னை எப்போதும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது.

அந்தப் புத்தகத்தின் பக்கங்களை நான்தான் கட்டினேன். அச்சகத்தில் பதினாறு பக்கம் ஒரு பாரம். புத்தகம் நாலு பாரத்துக்கு மேல் இரண்டு பக்கம் வழிந்தது. இரண்டு பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஓட்ட முடியாது. எதையாவது எடுக்க வேண்டும். பிரேசில் அத்தியாயத்தில், வாக்குப் போடுவதற்கு முன்னால் தெருக்காரர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து அவரவர் தேவையைச் சொல்வது, அடுத்த பேட்டையின் கஷ்டத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று இரண்டு பக்கம் இருந்தது. எப்படி வாக்குப் போடுவது என்பதுதானே முக்கியம், அதற்கு முன்னால் நடக்கும் பேச்சு எதற்கு, நம் ஜனங்கள் எங்கே பொது இடத்தில் பேசப் போகிறார்கள் என்று நினைத்தேன். அதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அண்ணி ஒரு கணம் திரையைப் பார்த்தார். “உனக்குச் சரின்னு பட்டா எடுத்துடு பாப்பா” என்றார். அந்த இரண்டு பக்கத்துக்குத்தான் அவர் மூன்று வாரம் சொல் தேடியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இந்த ஊரில் அனாடே என்று ஒரு வார்த்தை உண்டு. நம் ஆசை அடுத்தவருக்குச் சங்கடமாகிவிடுமோ என்று அதை விழுங்கிக்கொள்கிற குணம். பர்மியர்கள் அதைத் தாய்ப்பாலோடு குடிக்கிறார்கள். நாங்கள் கூலிவேலைக்கு வந்து நாலு தலைமுறையில் நன்றாகவே பழகிக்கொண்டோம்.

புத்தகம் வந்ததும், எங்கள் சந்திலேயே அதைச் செய்து பார்க்க அறக்கட்டளை ஒரு சிறு தொகை ஒதுக்கியது. மழைக்கு நிரம்பி வழியும் சாக்கடையைச் சரிசெய்வது, சந்து முனையில் விளக்குப் போடுவது, தண்ணீர்க் குழாய் நீட்டுவது என்று மூன்று வேலைகள். ஒன்றைத்தான் செய்ய முடியும். டீக்கடைப் பெரியவர், சந்தில் எல்லோருக்கும் ஊ ஜீ, அதாவது பெரிய மாமா, கடைவாசலில் குட்டை நாற்காலிகளைப் போட்டு எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். வேலைக்கு ஒன்றாகக் காகிதம் சுற்றிய மூன்று ஊறுகாய்ப் பாட்டில்கள், ஆளுக்கு ஒரு மொச்சை. திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுவிட்டு வர வேண்டும். யாரும் எதுவும் பேசவில்லை. தேநீர் நன்றாக இருக்கிறது என்று மட்டும் பேசினார்கள். பிரித்துப் பார்த்தால் விளக்குப் பாட்டில் நிறைந்திருந்தது. சாக்கடைப் பாட்டிலில் ஒரே ஒரு மொச்சை.

விளக்கு வந்தது. அந்த வருஷ மழையில் சந்து முழுவதும் முழங்கால் தண்ணீரில், நல்ல வெளிச்சத்தில் நின்றது. செருப்பு மிதந்து போவது துல்லியமாகத் தெரிந்தது. டீக்கடைப் பலகையில் ஏறி நின்றபோதுதான் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். எல்லோருக்கும் வேண்டியது சாக்கடைதான். ஆனால் இடம் கொடுத்து, தேநீரும் கொடுத்த ஊ ஜீயின் கடைவாசல் இருட்டாக இருக்கிறதே, அவருக்கு விளக்கு வேண்டியிருக்குமே என்று ஆளாளுக்கு அவருக்காகப் போட்டிருக்கிறார்கள். நானும்தான். ஊ ஜீ தலையைச் சொறிந்துகொண்டு, சாக்கடையில் விழுந்த ஒற்றை மொச்சை தன்னுடையது என்றார். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். படியேறி வீட்டுக்கு வந்து ஈரப் புடவையைப் பிழிந்தபோது சிரிப்பு இல்லை. “அந்த ரெண்டு பக்கத்த எடுத்திருக்கக் கூடாது பாப்பா” என்றார். என்னை அவர் குறை சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அறக்கட்டளை ஒரே வாரத்தில் மூடப்பட்டது. எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்த புத்தகக் கட்டுகளை, சோதனையில் அகப்படாமல் இருக்க, நானே தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கினேன். அண்ணி வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தார், உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவருக்கு வேலை அமையவில்லை. வேதக்கோயிலில் அவரோடு பாடியவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். பினாங்கில் இருந்த அவருடைய அக்கா, என்னிடம் வந்துவிடு என்று போனில் அழுதார். போனை வைத்தபிறகு அண்ணி வெகுநேரம் ஜன்னலோரம் நிற்பார். என்ன நினைக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்காக இருந்துவிடுவார் என்று பயந்தேன். கேட்காவிட்டால் போய்விடுவாரோ என்றும் பயந்தேன்.

ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தால் மேசையில் காகிதம் சுற்றிய இரண்டு பாட்டில்கள், மூடியில் ‘ரங்கூன்’, ‘பினாங்கு’ என்று சீட்டு, பக்கத்தில் இரண்டு மொச்சை. “வாய்விட்டுக் கேட்டா நீ எனக்காகத்தான் பதில் சொல்லுவ. மொச்சைக்குப் பொய் சொல்லத் தெரியாது” என்றார். விளையாட்டுப்போல்தான் சொன்னார். கை மட்டும் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு பட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் புத்தி வரவில்லை பாருங்கள்.

அண்ணி அடுப்படிக்குப் போனார். நான் மொச்சையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்த மனுஷி எனக்காகத் தன் வீட்டை விட்டவர், இனி இந்த இருட்டில் இவருக்கு என்ன இருக்கிறது, அக்காவிடம் போனால் நாலு வார்த்தை சிரித்துப் பேசுவார் என்று நினைத்தேன். பினாங்கில் போட்டேன். அது உள்ளே விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பிறகு அண்ணி வந்து தன்னுடையதைப் போட்டார், நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது அவர் பாட்டில்களைப் பார்த்திருக்கிறார். சாயங்காலம் வந்ததும், “முடிவாயிடுச்சு பாப்பா. அக்காவுக்குச் சொல்லிட்டேன்” என்றார். இரண்டுமே பினாங்கில்தான் விழுந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். நல்லது அண்ணி என்றேன். சிரித்தேன்கூட.

அண்ணியை வழியனுப்பிவிட்டு விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்து, மேசையைத் துடைக்கப் போனபோதுதான் காகிதத்தைப் பிரித்தேன். பினாங்கில் ஒன்று. ரங்கூனில் ஒன்று. நான் போட்டது எது என்று எனக்குத் தெரியும். அவர் போட்டது எது என்று அவருக்கும் தெரியும். அப்படியென்றால் அந்தக் காலையில் பாட்டிலைத் திறந்து பார்த்தபோது, நான் அவரைப் போகச் சொன்னேன் என்று அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். அன்று இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டு, அதைக் கொட்டவும் மனமில்லாமல் இரண்டு நாள் வைத்துத் தின்றேன்.

ஞாயிறுதோறும் போன் வரும். நல்லா இருக்கியா பாப்பா, நல்லா இருக்கேன் அண்ணி, மழையா, மழைதான். வருஷங்கள் இப்படியே போயின. சந்து முனை விளக்கு மின்சாரம் இல்லாமல் பெரும்பாலும் அணைந்தே கிடக்கிறது. சாக்கடை இப்போதும் வழிகிறது. ஊ ஜீ காலமாகிவிட்டார், கடை மூடிக் கிடக்கிறது. வேலை முடிந்து வந்தால் பேச ஆள் இல்லாமல் சில நாள் ரயிலுக்காகக் காத்திருப்பேன், பாத்திரமாவது கொஞ்சம் சத்தம் போடட்டும் என்று.

போன வாரம் அச்சகத்துப் பழைய கணினியைக் காலி செய்யச் சொன்னார்கள். அதில் அந்த இரண்டு பக்கமும் இருந்தது. நான் எடுத்து ஓரமாக வைத்து மறந்துபோனது. முதல்முறையாக வரி விடாமல் படித்தேன். அவரவர்க்கு வேண்டியதை அவரவர் வாயால் சொல்லாத வரை வாக்குப் பெட்டியைத் திறப்பதே இல்லை என்று, அந்தப் பிரேசில் தெருக்காரர்களைப் பற்றி அண்ணி அத்தனை எளிமையான தமிழில் எழுதியிருந்தார். அச்சகத்தில் எல்லோரும் இருக்கும்போதே அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. நல்லா இருக்கியா பாப்பா என்றார். இல்லை என்றேன். பிறகு நிறுத்தாமல் சொன்னேன். “அண்ணி, பினாங்குல போட்டது மனசாரப் போட்டது இல்ல. உங்களுக்குப் போக ஆசைன்னு நெனச்சு, உங்களுக்காகப் போட்டேன்.”

மறுமுனையில் யாரோ இருமினார்கள். அவருடைய அக்காவாக இருக்கும். பிறகு அண்ணி பேசினார். “எனக்கு அந்த வீட்டுல இனி எடமில்லன்னு நீ சொல்லிட்டதா நெனச்சுட்டிருந்தேன் பாப்பா.” அப்புறம், “இப்ப அக்காவால எந்திரிக்க முடியல. விட்டுட்டு எப்படி வர்றது” என்றார்.

வர வேண்டாம் அண்ணி, அங்கேயே இருங்கள் என்றேன். பழக்கதோஷம். அவர் கேட்டார்: “இதுவும் எனக்காகத்தான் சொல்றியா?”

“ஆமா” என்றேன். “நீங்க வந்தாத்தான் எனக்கு நல்லா இருக்கும்.”

அவர் போனை வைக்கவில்லை. காசு தீர்ந்து தானாக அறுந்துபோகும் வரை இரண்டு பேரும் அதைக் காதில் வைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு நாற்காலி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து பாட்டில்களை இறக்கினேன். பினாங்கு பாட்டிலின் மூடி இறுகிப்போயிருந்தது, வெந்நீரில் காட்டித் திறக்க வேண்டியிருந்தது. என் மொச்சையை எடுத்து ரங்கூன் பாட்டிலில் போட்டு, இரண்டையும் பழைய இடத்திலேயே வைத்தேன். இப்போது ரங்கூனில் இரண்டு மொச்சைகள் இருக்கின்றன. வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன்.