நாற்பதை ஐம்பத்தொன்றாகத் திருத்தியது

சாதாரண தரப் பரீட்சையில், கணிதத்தில் நான் இரண்டு முறை தவறியவள். பதினாறு வயதில் ஒரு முறை, அடுத்த வருடம் ஒரு முறை. பிறகு கலியாணம், மூன்று பிள்ளைகள், அடுப்பு, தொழுகை, ஓதல் என்று நாள் ஓடிவிட்டது. கணிதம் இல்லாமல் எனக்கு ஒரு குறையும் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

முப்பத்தொன்பது வயதில்தான் குறை வந்தது. எங்கள் தெருவில் உள்ள பாலர் பாடசாலையில் ஆறு வருடமாக உதவியாளராக வேலை செய்துவந்தேன். பிள்ளைகளின் மூக்குத் துடைப்பது, சோற்றுப் பெட்டி திறந்து கொடுப்பது, துஆக்கள் சொல்லிக்கொடுப்பது எல்லாம் நான்தான். பொறுப்பாக இருந்த ஆசிரியை விலகப் போகிறார் என்றதும் நிர்வாகத் தலைவர் என்னைக் கூப்பிட்டுக் கதைத்தார்.

"உங்களப் போடத்தான் எங்களுக்கும் விருப்பம். ஆனா டிப்ளோமா படிக்கிற ஆளத்தான் போடலாம். அதுக்குச் சேரச் சாதாரண தரத்தில கணிதம் சித்தியடைஞ்சிரிக்கணும் என்டு கேக்கிறாங்க. இந்த முறை எழுதுங்க. இல்லாட்டி நாங்க வேற ஆளப் பார்க்கணும், குறை நினைக்காதீங்க."

நான் குறை நினைக்கவில்லை. பயந்துதான் போனேன். அந்தப் பிள்ளைகளைப் புதிதாக வரும் ஒருவரிடம் விட்டுவிட்டு அவர் கீழ் நிற்பதும் ஒன்றுதான், வேலையை விட்டு நின்றுவிடுவதும் ஒன்றுதான் என்று மனம் சொன்னது.

அஸர் தொழுதுவிட்டு அடுத்த தெருவில் ஒரு டீச்சரின் வீட்டுக்குப் படிக்கப் போனேன். பல்கலைக்கழகம் முடித்து நியமனத்துக்காகக் காத்திருந்தவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அக்காவைக் கூப்பிடுவது போல என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவார். வகுப்பில் மற்ற எல்லாரும் பதினாறு வயதுப் பெண்பிள்ளைகள். முதல் நாளே டீச்சர் என் பழைய பெறுபேற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ராத்தா, முக்கோணம், கோணம் என்டு வாற கேத்திரகணிதத்தோட நீங்க இப்ப மல்லுக்கட்ட வேணா. தொடை வினா ஒண்டு கட்டாயம் வரும். பத்துப் புள்ளி. அத விட்டுராம எடுத்தீங்க என்டா பாஸுக்கு வழி இரிக்கி."

தொடை என்பது ஒரு வகையானவற்றையெல்லாம் ஒரு வட்டத்துக்குள் போட்டுக் காட்டுகிற பாடம். வட்டம் கீற எனக்குத் தெரியும். இது லேசுதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

முதல் வீட்டுவேலை இப்படி இருந்தது. ஒரு வகுப்பில் நாற்பது பேர். இருபத்துநான்கு பேர் கிரிக்கெட் விளையாடுவர், இருபத்திரண்டு பேர் கரப்பந்து விளையாடுவர், ஐந்து பேர் எதுவும் விளையாடுவதில்லை. சுபஹுத் தொழுதுவிட்டு, தேத்தண்ணி வைக்கும் முன் உட்கார்ந்து கூட்டினேன். ஐம்பத்தொன்று வந்தது. மறுபடியும் கூட்டினேன். ஐம்பத்தொன்றுதான். புத்தகத்தில் அச்சுப்பிழை என்று முடிவெடுத்தேன். குர்ஆன் அல்லாத எந்தப் புத்தகத்திலும் பிழை இருக்கலாம்தானே. நாற்பதை வெட்டி, பேனையால் அழகாக ஐம்பத்தொன்று என்று எழுதி வைத்தேன்.

டீச்சர் அதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

"ராத்தா, இதென்ன, புத்தகத்தத் திருத்தி வெச்சிரிக்கீங்க?"

"பிழை டீச்சர். கூட்டிப் பாருங்க. வகுப்பில நாப்பது பேர்தான் என்டா மிச்சம் பதினொரு பேர் எங்கயிருந்து வந்த?"

பின்னால் இருந்த ஒரு பிள்ளை, "பக்கத்து ஸ்கூல்ல இருந்து மதில் பாஞ்சி வந்திரிப்பாங்க ராத்தா" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், காது சுட்டது.

"அந்தப் பதினொரு பேர்தான் ராத்தா விடை" என்றார் டீச்சர். "அவங்க ரெண்டையும் விளையாடுறவங்க. கிரிக்கெட்டிலயும் எண்ணுப்பட்டவங்க, கரப்பந்திலயும் எண்ணுப்பட்டவங்க."

"ஒராள ரெண்டு தரம் எண்ணினா அது எண்ணினவர்ர பிழைதானே?"

டீச்சர் மறுபடியும் வட்டம் கீறிக் காட்டினார். எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

ஏன் விளங்கவில்லை என்பதை வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் யோசித்தேன். எங்கள் ஊர்களில் எல்லாருக்கும் குடி உண்டு. பிள்ளைகள் உம்மாவின் குடி. புருசன் வேறு குடி, அது அவருடைய உம்மாவின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் பேச மாட்டார்கள். என் வாப்பா அவருடைய உம்மாவின் குடிக்குத் தலைவராக, மரைக்காராக இருந்தவர். பள்ளிவாசலில் கந்தூரி விருந்து என்றால் ஒவ்வொரு குடியின் மரைக்காரும் தன் ஆட்களின் தொகையைச் சொல்வார். அத்தனையையும் கூட்டித்தான் எத்தனை சகன் சோறு என்று பார்ப்பார்கள். ஒரு சகன் தட்டைச் சுற்றி ஆறு பேர். வாப்பா பெயர்களை வாசிக்க, புள்ளடி போட்டவள் நான். ஒருவர் இரண்டு குடியில் இருக்க முடியாது. கூட்டினால் சரியாக வரும், வராவிட்டால் யாரோ பிழை விட்டிருக்கிறார். மனிதர்களை எண்ணுவது என்றால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அடுத்த நாள் இதை டீச்சரிடம் சொன்னேன். அவர் சந்தோசப்பட்டு, "நல்ல உதாரணம் ராத்தா" என்றார். "ரெண்டு குடிக்கு நடுவில ஆள் இல்ல. அது சூனியத் தொடை, ஒண்டும் இல்லாத தொடை. ஆனா இப்ப நீங்க ஒரு உம்மா. வேலை செய்யிற ஆளும்தான். உம்மாமார் ஒரு வட்டம், வேலைக்குப் போறவங்க ஒரு வட்டம் என்டா நீங்க ரெண்டுலயும் இரிக்கீங்கதானே? ஆனா நீங்க ஒராள்தான்."

"ஓம்" என்றேன். அது மரியாதைக்குச் சொன்ன ஓம். உம்மாவாக ஒரு ஆளின் வேலையும் பாலர் பாடசாலையில் இன்னொரு ஆளின் வேலையும் செய்கிறேன், என்னை இரண்டாக எண்ணினால் என்ன பிழை என்றுதான் உள்ளுக்குள் ஓடியது.

வீட்டில் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்று படும்படி இரண்டு வட்டம் கீறினேன். ஒன்று என் குடி, மற்றது என் கணவரின் குடி. அவர் சம்மாந்துறையில் பிறந்தவர். எங்கள் வழக்கப்படி கலியாணம் முடித்து என் வீட்டுக்கு வந்தவர், நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்கிறார். வயலால் வந்து கால் கழுவிவிட்டுத் தாளை எட்டிப் பார்த்தார்.

"இதுல நான் எங்க?"

"இந்தா, உங்கட உம்மாட குடியில."

"நீயும் புள்ளைகளும்?"

"இதுல."

"அப்ப இந்த வீட்டில நான் தனியாளாகா?" என்று கேட்டுவிட்டு நடுவில் விரல் வைத்தார். "இதுக்குள்ள ஆரு?"

"ஒருத்தரும் இல்ல. அது சூனியம்."

"ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு என்னத்துக்கு இவ்வளவு இடம் உட்டு வெச்சிரிக்காய்? என்னையாவது அதுல போடு. வெயில் படாம இருப்பன்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. "இஞ்ச பாருங்க, பகிடி உடாதீங்க. இது வராட்டி அந்த வேலை வேற ஆளுக்குப் போயிரும்" என்றேன். அவர் சிரிப்பை விட்டுவிட்டார். "வரும், இன்ஷா அல்லாஹ். அஞ்சு பேருக்குச் சோறு போட்டு ஒரு நாளாவது உனக்குக் கணக்குப் பிழைச்சதா?" என்று சொல்லிவிட்டு, அன்று தேத்தண்ணியைத் தானே ஊற்றிக்கொண்டார்.

கடைசியில் விளங்காமலேயே மனனம் செய்தேன். சின்ன வயதில் அர்த்தம் தெரியாமல் சூராக்களைப் பாடமாக்கியது போல. எல்லாவற்றையும் கூட்டு. மொத்தத்தைக் கழி. வந்ததை முதலில் நடுவில் எழுது. பிறகு பக்கங்களில் எழுது. பத்துக் கணக்கில் ஏழு சரியாக வந்தது. பிழைத்த மூன்றும் 'மட்டும்' என்ற சொல்லால் பிழைத்தன. கிரிக்கெட் விளையாடுவோர் என்றால் இருபத்துநான்கு, கிரிக்கெட் மட்டும் விளையாடுவோர் என்றால் பதின்மூன்று. அந்தப் பதின்மூன்று பேரை வாசிக்கும் போதெல்லாம், மற்றப் பதினொரு பேரும் விளையாட்டை விட்டுவிட்டார்களா என்றுதான் எனக்குத் தோன்றும்.

பரீட்சை அன்று பிஸ்மில்லாஹ் சொல்லித் தாளைத் திறந்தேன். தொடை வினா இருந்தது. அறுபது வீடுகள். முப்பத்தைந்தில் தையல் இயந்திரம், இருபத்தெட்டில் சைக்கிள், ஒன்பதில் இரண்டும் இல்லை. கூட்டினேன். எழுபத்திரண்டு. அறுபதைக் கழித்தேன், பன்னிரண்டு. நடுவில் எழுதினேன். இந்த முறை வினாத்தாளைச் சந்தேகப்படவில்லை.

அடுத்த பகுதி, தையல் இயந்திரம் இருந்தும் சைக்கிள் இல்லாத வீடுகள் எத்தனை என்று கேட்டது. இருபத்துமூன்று என்று எழுதினேன். பிறகு மனம் குழம்பியது. தையல் இயந்திரம் முப்பத்தைந்து வீட்டில் இருக்கிறது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்களே. வெட்டினேன். முப்பத்தைந்து என்று எழுதினேன். முன்வரிசைப் பிள்ளை மேலதிகத் தாள் கேட்டு எழும்பியது. அதைப் பார்த்து இன்னும் பயம் வந்தது. முப்பத்தைந்தையும் வெட்டினேன். மணி அடித்தது. மேற்பார்வையாளர் என் மேசைக்கு வரும்போது நான் ஏதோ எழுதிக்கொண்டுதான் இருந்தேன். என்ன எழுதினேன் என்று வெளியே வந்த பிறகு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. டீச்சர் கேட்டபோதும் சொல்ல முடியவில்லை.

"இருபத்திமூணு என்டா சரி ராத்தா" என்றார்.

"எழுதினன் டீச்சர். ஆனா கடைசியில அதுதான் நிண்டதா என்டு தெரியல்ல."

பெறுபேறு வந்த நாள் கணவர் தொலைபேசியில் பார்த்தார். நான் அடுப்படியில் நின்றேன். எட்டிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"எஸ்" என்றார்.

"எஸ் என்டா?"

"சாதாரண சித்தி. பாஸ்கா, பாஸ்!"

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நெற்றி நிலத்தில் பட ஸுஜூதில் விழுந்தேன். எழும்பியதும் அவரிடம் முதலில் கேட்டது இதுதான்: "எத்தின புள்ளி என்டு போட்டிரிக்கா? ஒவ்வொரு வினாவுக்கும்?"

"அதெல்லாம் போட மாட்டானுகள். உனக்கு என்னத்துக்கு அது?"

டிப்ளோமாவுக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். நிர்வாகத் தலைவர், அடுத்த தவணையிலிருந்து வகுப்பை நானே எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். எல்லாம் அல்லாஹ்வின் ரஹ்மத். ஆனால் அந்தத் தாளில் கடைசியாக நின்றது இருபத்துமூன்றா, முப்பத்தைந்தா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சரியாக எழுதிச் சித்தியடைந்தேனா, பிழையாக எழுதியும் சித்தியடைந்தேனா என்று இனி யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.